ஜீரோ பார்க்கிறவர்கள்

என் மேஜையின் இரண்டாவது டிராயரில் ஒரு கெட்டுப்போன வெர்னியர் காலிப்பர், அதாவது பொருளைத் தாடைகளுக்கு நடுவில் பிடித்து அளக்கும் கருவி, இருக்கிறது. யாரோ எப்போதோ கீழே போட்டதில், சின்ன ஸ்கேலைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து ஸ்கேல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இரண்டு தாடைகளையும் ஒட்ட மூடினால் ஜீரோ காட்ட வேண்டும். இது 0.14 மி.மீ. காட்டும். மெஷின் பக்கம் இதை விட்டுவைத்தால் ஆபத்து. இன்டர்வியூ நாளில் மட்டும் இதைவிட உபயோகமான கருவி என்னிடம் கிடையாது.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு நடுத்தர பம்ப் கம்பெனியில் 22 வருடமாக இருக்கிறேன். பாதிக்கும் மேல் குவாலிட்டி டிபார்ட்மென்டில். ஐடிஐ முடித்த ஃபிட்டர், டர்னர், டிப்ளமோ மெக்கானிக்கல், எப்போதாவது பி.இ. என்று வருகிறவர்களை முதலில் உட்கார வைத்துப் பேசுவது என் வேலை. வந்தவருக்குத் தண்ணீர், பிறகு டீ. அப்புறம் ஒரு மோட்டார் ஷாஃப்டையும் அந்த வெர்னியரையும் கையில் கொடுத்து, "பேரிங் உட்கார்ற இடத்தை அளந்து சொல்லுங்க" என்பேன். ஷாஃப்ட் சரியாக 25 மி.மீ. அது எனக்குத் தெரியும்.

பெரும்பாலானோர் 25.14 என்று சொல்வார்கள். தப்பில்லை, வெர்னியர் அதைத்தான் காட்டுகிறது. அதைக்கூடப் படிக்கத் தெரியாமல் சான்றிதழோடு வருகிறவர்களும் உண்டு. அது தனிக் கதை. பத்தில் ஒருவரோ இருவரோதான் ஷாஃப்டைத் தொடுவதற்கு முன் தாடையைக் கட்டைவிரலால் துடைத்து, மூடி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஜீரோ பார்ப்பது என்று இதைச் சொல்வோம். பார்த்துவிட்டு, "சார், இதுல எரர் இருக்குங்க" என்பார்கள். அந்த இடத்தில் எனக்கு முக்கால்வாசி முடிவு தெரிந்துவிடும்.

ஒரு பையன் ஜீரோ பார்க்கவில்லை. அளந்தான், 25.14 என்றான், சொல்லிவிட்டு நிறுத்தினான். "இதுல 6205 ஏறாதேங்க சார்" என்றான். 6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அதற்கு 0.14 பெரிய ஷாஃப்ட் என்றால் சுத்தியலால் அடித்தாலும் ஏறாது, ஏற்றினால் பேரிங் உயிரோடு இருக்காது. ஒரு நிமிடம் ஷாஃப்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம்தான் வெர்னியரை மூடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தப்பான எண்ணை அவன் வேறு வழியாகப் பிடித்திருந்தான். அவனுக்கும் முழு மதிப்பெண்தான்.

இன்னொரு முறை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், வெர்னியரைக் கையில் வாங்கி, அளக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டார். "பேரிங் சீட்டிங்னா மைக்ரோமீட்டர் குடுங்க சார். இதுல 0.02க்குக் கீழே தெரியாதே." உண்மைதான். பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் போட்டிருக்கும் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்பது, மைக்ரான் கணக்கு; ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் வைத்த பொறியையே அவர் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார். பதில் பேசாமல் மேல் டிராயரைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வெர்னியர் புத்தி எனக்குத் தானாக வந்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுத்தோம். இருபது நிமிடப் பேச்சு. நல்ல உடை, நல்ல ஆங்கிலம், கண்ணைப் பார்த்துப் பேசினார். "உங்க பலவீனம் என்ன?" என்று அந்தக் காலத்து வழக்கப்படி நானும் கேட்டேன். "எதையும் நூறு சதவீதம் சரியாச் செய்யணும்னு நினைக்கிறதுதான் சார்" என்றார். நானும் பக்கத்திலிருந்தவரும் தலையாட்டினோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பலவீனத்தைக் கேட்டால் பலத்தைச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பதில் அது. அதற்குப் பிறகு அதே பதிலை நூறு வாயிலிருந்து கேட்டிருப்பேன்.

நாலு மாதம் கழித்து டீலர்களிடமிருந்து சத்தப் புகார் வர ஆரம்பித்தது. மோட்டாரைப் பிரித்தால் பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ஷாஃப்ட் சிறுத்துப் போயிருந்தால்தான் அப்படி ஆகும். இன்ஸ்பெக்‌ஷன் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வாரத்துக்கு 25.00, 25.01, 25.00, 25.01 என்று கோலம் போட்டதுபோல் இருந்தது. கிரைண்டிங் வீல் தேயும், ஆள் மாறுவார், மதியச் சூட்டில் மெஷின் ஒரு மாதிரி இருக்கும். நிஜமான அளவுகள் இவ்வளவு ஒழுங்காக வரவே வராது. மெயின்டனன்ஸ் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிரைண்டர் பழுதாகி நின்றிருந்த ஒரு மத்தியானத்தில் அவர் 16 ஷாஃப்ட் அளந்திருக்கிறார்.

அவர் கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் பயப்படுகிற மனிதர். தப்பான அளவு எழுதிக் காட்டினால் நாங்களும் சூப்பர்வைசரும் சேர்ந்து கத்துவோம், அதுவும் ஒரு காரணம். ஆனால் இருபது நிமிடத்தில் நான் அவரிடம் என்னதான் பார்த்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. தன்னம்பிக்கை என்று என் தாளில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்கத் தொடங்கினேன். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆளெடுக்கும் முறைகள் பற்றிய 85 வருட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு முறையில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் பின்னால் வேலையில் காட்டும் திறமைக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதை எண்ணாகச் சொல்கிறார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் அப்படியே பொருந்துகிறது. நாங்கள் செய்ததுபோல் வாய்க்கு வந்ததைக் கேட்டு அரட்டையாகப் போகும் இன்டர்வியூவுக்கு 0.38. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்பதற்கு 0.51. வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்வதற்கு 0.54. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. 'குறைந்தது 3 வருட அனுபவம்' என்று நாங்கள் ஒவ்வொரு விளம்பரத்திலும் தடித்த எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

2022இல் பால் சாக்கெட் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். பழைய எண்கள் சில கொஞ்சம் பெரிதாக ஊதப்பட்டவை என்றார்கள். அவர்கள் கணக்கில் ஒழுங்காகக் கேட்கும் இன்டர்வியூ 0.42க்கு இறங்கியது, செய்துகாட்டச் சொல்வது 0.33. அரட்டை இன்டர்வியூ 0.19. அதாவது பழைய எண்ணில் சரிபாதி. என் வெர்னியருக்கும் கொஞ்சம் அடிதான். இருந்தாலும் அது டிராயரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதைவிட எனக்கு உறைத்தது டேனியல் கானமன் கதை. பின்னாளில், 2002இல், பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். 1950களின் நடுவில் 21 வயது இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, வருகிறவர்களை எந்தப் பிரிவில் போடுவது என்று முடிவு செய்யும் இன்டர்வியூவைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. ஆறு குணங்களைப் பிரித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைக் கேட்கிற கேள்விகள். ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். இன்டர்வியூ செய்கிறவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறாயே என்று சண்டைக்கு வந்தார்கள். சரி, கடைசியில் கண்ணை மூடி அந்த ஆளைச் சிப்பாயாகக் கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். பின்னால் சரிபார்த்தபோது அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் நன்றாகவே பொருந்தியது. ஆறையும் தனித்தனியாகப் பார்த்து முடித்த பிறகு வந்த உள்ளுணர்வு அது. நாங்கள் வாசலில் ஆள் நுழையும்போதே கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் தாளில் ஐந்து வரி. ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண்ணை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். 'தன்னம்பிக்கை' என்ற வரியை எடுத்துவிட்டோம். 'தெரியாததை எப்படிச் சொல்கிறார்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஐந்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்த ஒரு பையன் வந்தான். கேவிடேஷன் என்றால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்தான். "அந்தப் பேரு தெரியலைங்க சார்" என்றான். நான் அடுத்த கேள்விக்குப் போகப் பேனாவை எடுத்தேன். அவனே, "பம்புக்குள்ள ஜல்லியப் போட்டு ஆட்டுற மாதிரி ஒரு சத்தம் வருமுங்க, கழட்டிப் பார்த்தா இம்பெல்லரு பூச்சி அரிச்ச மாதிரி இருக்கும், அதுங்களா?" என்றான். அதேதான். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழ்களாகி, அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போனதும் அவை உடைந்து, இம்பெல்லர் என்கிற சுழலும் சக்கரத்தின் உலோகத்தைக் கொத்திக் கொத்தித் தின்றுவிடும். பாடத்தை ஒப்பிக்கிற பலருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

எப்படித் தெரியும் என்று கேட்டதும் கொட்ட ஆரம்பித்துவிட்டான். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போனபின்பும் மேலேயே வைத்து மோட்டாரை ஓட்டியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு பேஸ் கரண்டில் கண்டென்சர் போட்டு ஓட்டி ஒரு முறை மோட்டார் எரிந்தும் போயிருக்கிறது. காயில் கட்டுகிற கடைக்கு அப்பாவோடு போனவன், அங்கேயே இரண்டு நாள் உட்கார்ந்து எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று கேட்டு நோட்டில் எழுதி வந்திருக்கிறான். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆர்வம் என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறார்களே, அது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஒரு தடவை எங்களுக்கு வந்த நாற்பது விண்ணப்பங்களில் பாதிக்கும் மேல் முதல் பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது, ஒரே எழுத்துப்பிழையோடு. ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் அடித்த நகல். கடின உழைப்பு, குழு மனப்பான்மை, விரைவில் கற்றுக்கொள்ளும் திறன் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி எழுதாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொன்னது எங்களைப் போன்றவர்கள்தானே.

வெறும் "தெரியலை" என்று மூடிக்கொள்கிறவர்களை நான் ஒதுக்கிவிடுவதில்லை. பலருக்கு அது பயம். பள்ளிக்கூடத்தில் தெரியலை என்றால் அடி விழுந்திருக்கும். இன்னொரு கேள்வி கேட்டு இழுத்துப் பார்க்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவரிடம்தான் எனக்கு அந்த 16 ஷாஃப்ட் ஞாபகம் வந்துவிடும்.

சொல்லப்போனால் நானே அப்படிப் பேசியவன்தான். முதல் வேலைக்குப் போன இடத்தில், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், முதலாளியா போர்மேனா என்றுகூடத் தெரியவில்லை, "எம்.எஸ். ராடை ஹெச்எஸ்எஸ் டூல்ல டர்னிங் பண்ணனும். கட்டிங் ஸ்பீடு என்ன வைப்பீங்க தம்பி?" என்றார். மென் எஃகுக் கம்பியை அதிவேக எஃகு டூலால் லேத்தில் கடையும்போது வைக்க வேண்டிய வேகத்தைத்தான் கேட்டார். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. நிமிடத்துக்கு 300 மீட்டர் என்று அடித்துவிட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 25 மி.மீ. ராடு, ஆர்பிஎம் கணக்குப் போடுங்க என்று பேப்பரைத் தள்ளினார். ஆயிரத்தால் பெருக்கி, பையாலும் (π) விட்டத்தாலும் வகுத்தால் 3,820 வந்தது. "சரி, அந்த லேத் எவ்வளவு ஓடும்னு போய்ப் பார்த்துட்டு வாங்க." போய்ப் பார்த்தேன். தலைப்பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் இருந்த பெரிய எண் 1,200. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. திரும்பி வந்து, "தப்புங்க ஐயா, முப்பதாத்தான் இருக்கணும். முப்பதுன்னா 382 வருது" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். ஏன் எடுத்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஊரில் பல பட்டறைகளில் இன்டர்வியூ என்பது அப்படித்தான் இருந்தது. பைகாரா மின்சாரம் வந்த 1930களிலிருந்து மில்லும் பட்டறையும் பெருகிய ஊர். லேத்தில் நின்று முதலாளியானவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பேப்பரைவிடக் கையைப் பார்த்தால்தான் நம்பிக்கை. அதில் நல்லதும் இருந்தது, சிபாரிசும் சொந்த ஊர்க்காரன் கணக்கும் இருந்தன. அதையும் மறைக்கக் கூடாது.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். "மைசெல்ஃப்" என்று தொடங்கி வியர்த்துப் போகிற பிள்ளைகளை முதல் நிமிடத்திலேயே தமிழுக்கு வரச் சொல்லிவிடுவேன். முகம் மாறுவது தெரியும். கம்யூனிகேஷன் என்று நாங்கள் பார்ப்பது, மோட்டார் ஏன் எரிந்தது என்று கோபத்தோடு வந்திருக்கிற ஒரு விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா என்பதுதான். ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆங்கிலம் வேண்டும், அங்கே கேட்கிறோம். ஷூ, டை, கைகுலுக்கல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பதற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கை நடுங்க உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்துப் பாருங்கள். வேலை தெரிந்தவராக இருந்தால் அது பிடிபட்டதும் நடுக்கம் நின்றுவிடும். இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தன்னம்பிக்கை வரியை வைத்திருந்த காலத்தில் இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோமோ.

பழைய கம்பெனியைக் குறை சொல்லவே கூடாது என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் வந்து, "மூணு மாசம் சம்பளம் வரலைங்க, அதான் நின்னுட்டேன்" என்றார். அதில் என்ன தப்பு? அவரிடமே, அங்கே நீங்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். டிரில் சைஸைப் பார்க்காமல் 40 கேசிங்கில் ஓட்டை போட்டதையும், போர்மேனிடம் தானே போய்ச் சொன்னதையும் சொன்னார். 40 என்ற எண்ணை அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதே கேள்விக்கு, தப்பு எல்லாம் மற்றவர்கள் செய்ததாகவே கால் மணி நேரம் பேசியவர்களும் உண்டு.

மைக்ரோமீட்டர் கேட்ட பெண்ணுக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வழக்கம்போல் கேட்டேன்: "கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவீங்களா?" அவர் கோபப்படவில்லை. "எனக்கு முன்னால வந்துட்டுப் போனாரே, அவருகிட்டயும் இதைக் கேட்டீங்களா சார்?" என்றார். இல்லை. அந்தப் பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று அவனே சொல்லியிருந்தான். வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி என்று தாளடித்து வைத்திருந்தவன் நான். என் கருவிக்கும் ஒரு 0.14 இருந்திருக்கிறது, ஒருவரும் மூடிப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அன்றோடு விட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்தார், நடுவில் கல்யாணமும் ஆனது, இரண்டு வருடமாக இன்டர்வியூவில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார். என்னைவிடக் கஞ்சத்தனமாக மதிப்பெண் போடுகிறார்.

போன மாதம் ஒரு டிப்ளமோ பையன். வெர்னியரை வாங்கினான், துடைத்தான், மூடினான், 0.14 என்றான். கணக்குப் பண்ணி ஷாஃப்ட் 25 என்றான். எல்லாம் சரி. அப்புறம் வெர்னியரை முன்னும் பின்னும் திருப்பி எதையோ தேடினான்.

"இதுல ஐடி நம்பரே இல்லைங்களே சார். கேலிபரேஷன் ஸ்டிக்கரும் இல்லை. ஐஎஸ்ஓ ஆடிட்ல பிடிக்க மாட்டாங்களா?"

ஆடிட்டர் வருகிற வாரம் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது என் வழக்கம். அதைச் சொல்ல முடியுமா? "அது... ரிஜெக்ட் லிஸ்ட்ல போட்டிருக்கு தம்பி, ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தாளைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.